ஆளுக்கொரு கருத்து: மகளை அந்தப் பள்ளியில் சேர்க்கலாமா?

கேள்வி:

எங்கள் வீடு தில்லி மயூர் விகார் மூன்றாம் ஃபேஸில் இருக்கிறது. கணவர் ஏ.சி. மெக்கானிக். நான் ஒரு மருத்துவமனையின் பில்லிங் கவுண்டரில் வேலை செய்கிறேன். ஒரே மகள், தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். முதல் மூன்று இடங்களுக்குக் கீழே போனதில்லை. நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு இப்போது அவள் பெயர் பட்டியலில் வந்திருக்கிறது. அறிவியல், கணிதத்துக்கென்றே உள்ள பள்ளி. கணவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. விசாரித்த இடமெல்லாம் வேறு வேறு பதில். மேல் வீட்டு அக்காவின் மகன் அங்கே படித்து என்ஜினியரிங் போனவன். “கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடு” என்கிறார் அக்கா. இப்போது அங்கே படிக்கும் பெண் ஒருத்தி, “ரேங்க் குறைந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை ஆன்ட்டி” என்றாள். இன்னொரு பெண்ணின் அப்பா, ஆசிரியர்களில் பாதிப் பேர் கெஸ்ட் டீச்சர்கள்தான் என்று குறைப்படுகிறார். கணவரின் அண்ணனோ, “ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அங்கே போனால்தான் இவள் தரம் தெரியும்” என்கிறார். பஸ், மெட்ரோ, ஈ-ரிக்‌ஷா என்று ஒரு வழிக்கே ஒரு மணி இருபது நிமிடம் ஆகும். அங்கே தமிழ்ப் பாடம் கிடையாது. இப்போதைய பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு உண்டு. மகளைக் கேட்டால் “உங்கள் இஷ்டம்” என்கிறாள். நான் யார் சொல்வதை நம்புவது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் மகளுக்கு என் வாழ்த்துகள். அவள் எந்தப் பள்ளியில் படித்தாலும் இந்தத் தேர்வில் தேறியது அவளுடைய உழைப்பு. அதைக் குழப்பத்தில் மறந்துவிடாமல் வீட்டில் ஒருநாள் பாயசம் வைத்துக் கொண்டாடிவிடுங்கள்.

நீங்கள் குறிப்பிட்டவர்களில் யாரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே பள்ளியைப் பற்றிப் பேசுகிறார்களா என்பதுதான் சந்தேகம். மேல் வீட்டுப் பையன் எந்த ஆண்டில் சேர்ந்தான் என்று கேட்டீர்களா? தில்லி அரசின் இந்த வகைப் பள்ளிகள் கடந்த சில ஆண்டுகளில் அவ்வளவு மாறியிருக்கின்றன. முன்பு இருந்தவை ராஜ்கீய பிரதிபா விகாஸ் வித்யாலயாக்கள். அவற்றில் ஆறாம் வகுப்பிலேயே தேர்வு வைத்து எடுத்தார்கள். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி நூறு சதவீதத்தை ஒட்டியே இருந்தது. 2021இல் துறைவாரியான சிறப்புப் பள்ளிகள் வந்தன. அறிவியலுக்கு ஒன்று, கலைப் பாடங்களுக்கு ஒன்று, ஓவியத்துக்கும் இசைக்கும் ஒன்று என்று பிரித்து ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தார்கள். இடங்களில் பாதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. அவை அதே ஆண்டில் உருவான தில்லி பள்ளிக் கல்வி வாரியத்தின் கீழ் வந்தன. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளிகளுக்கு அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டது. ஆட்சி மாறிய பிறகு, 2025இல், சி.எம். ஸ்ரீ பள்ளிகள் என்ற பெயரில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு வேறொரு நுழைவுத் தேர்வு நடந்தது.

கட்டடம் அதுவாகவே இருக்கலாம். வாரியமும் சேரும் வயதும் கேள்வித்தாளின் போக்கும் மாறிவிட்ட பிறகு, ஒருவர் பத்தாண்டுகளுக்கு முன்பு அங்கே நன்றாகப் படித்தார் என்பது இன்றைக்கு அரைச் சாட்சிதான். அதனால் யார் கருத்துச் சொன்னாலும் முதலில் ஆண்டைக் கேளுங்கள். கூடவே, உங்கள் மகள் பத்தாம் வகுப்பை எந்த வாரியத்தின் கீழ் எழுதுவாள் என்பதைப் பள்ளி அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல இது.

பெற்றோர் சொல்வதும் மாணவர் சொல்வதும் முரண்படுவதில் வியப்பில்லை. பெற்றோருக்குத் தெரிவது பள்ளியின் வாசல் வரைதான். கட்டணம் இல்லை, ஒழுங்கு இருக்கிறது, ரிசல்ட் வருகிறது, பெயர் சொன்னால் உறவினர் மதிக்கிறார்கள். வாசலுக்கு உள்ளே இருப்பதைப் பிள்ளைகள் சொல்கிறார்கள். எந்த ஆசிரியர் சந்தேகம் கேட்டால் சலித்துக்கொள்கிறார், கழிவறையில் தண்ணீர் வருகிறதா, மதியச் சாப்பாட்டில் யார் பக்கத்தில் உட்கார்கிறார்கள், மதிப்பெண் பட்டியலைச் சுவரில் ஒட்டுகிறார்களா. பதிமூன்று வயதுக் குழந்தைக்குப் பள்ளி என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பட்டியல்தான். என்னிடம் ஆலோசனைக்கு வரும் பிள்ளைகளில் பாடம் கடினம் என்று அழுதவர்கள் குறைவு. பேச யாருமில்லை என்று அழுதவர்கள் அதிகம்.

நீங்கள் பேசியவர்களின் பட்டியலில் ஓர் ஆள் குறைகிறார். அந்தப் பள்ளியில் சேர்ந்து இடையில் விலகிய பிள்ளையின் குடும்பம். தங்கியவர்களிடம் மட்டும் கேட்டால் தங்கும்படியான காரணங்கள்தான் கிடைக்கும். விலகியவர்கள் யாராவது இருந்தால் தேடிப் போய்ப் பேசுங்கள். ஏன் விலகினார்கள், விலகும்போது பள்ளி எப்படி நடந்துகொண்டது என்று கேளுங்கள். அரை மணி நேரப் பேச்சுதான், ஆனால் மற்ற எல்லாக் கருத்துகளையும்விட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

தேர்ச்சி விகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரிலேயே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுத்த பள்ளியில் எல்லோரும் தேர்ச்சி பெற்றால், அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு, பிள்ளையின் பங்கு எவ்வளவு? அமெரிக்காவில் பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் புகழ்பெற்ற தேர்வுவழி அரசுப் பள்ளிகளை வைத்துப் பொருளியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா ஆங்கிரிஸ்டும் அவர்களில் ஒருவர். கட்-ஆஃபை மயிரிழையில் தாண்டி உள்ளே போனவர்களையும் மயிரிழையில் தவறி வெளியே நின்றவர்களையும் ஒப்பிட்டார்கள். பிந்தைய தேர்வு மதிப்பெண்களிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 2014இல் வெளியான முடிவு இது. ருமேனியாவில் நடந்த இன்னோர் ஆய்வு 2013இல் வந்தது. அங்கே நல்ல பள்ளிக்குள் போனவர்கள் இறுதித் தேர்வில் ஓரளவு முன்னேறியிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய பெற்றோர், இனிப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று வீட்டில் உதவுவதைக் குறைத்துவிட்டார்கள். தாங்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கியவர்கள் என்ற எண்ணமும் சக மாணவர்களின் புறக்கணிப்பும் அந்தப் பிள்ளைகளிடம் இருந்தன. காலப்போக்கில் அது தணிந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த நாடுகளின் முடிவை அப்படியே தில்லிக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. இங்கே பல அரசுப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு கிடையாது. வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் இயற்பியலே இல்லாத ஒரு பெண்ணுக்கு இந்த நுழைவுத் தேர்வு உண்மையிலேயே ஒரு வாழ்க்கையைத் திறக்கிறது. அவள் அம்மா எனக்கு எழுதியிருந்தால் “யோசிக்காதீர்கள், சேருங்கள்” என்று ஒரு வரியில் பதில் எழுதியிருப்பேன். உங்கள் மகளின் நிலை அது அல்ல. அவளுடைய பள்ளியிலேயே அறிவியல் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு அவளைத் தெரியும். ஆகவே, இது போனால் எதிர்காலமே போய்விடும் என்ற பயமும் வேண்டாம், இது கிடைத்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அந்தப் பாரத்தை இறக்கிவைத்த பிறகு மிஞ்சுவது அவளுடைய அன்றாடம். அதைத்தான் நீங்கள் எடைபோட வேண்டும்.

இனி அந்த இலுப்பைப்பூப் பேச்சு. உங்கள் மைத்துனர் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்தப் பேச்சு மகளின் காதில் இனி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது கெடுதல் செய்யும். ஆஸ்திரேலிய உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலிருந்து காட்டிவரும் ஒன்று உண்டு. ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் நிறைந்த வகுப்பில் இருப்பவர் தன்னைப் பற்றிக் குறைவாக மதிப்பிட்டுக்கொள்கிறார். பல நாடுகளில் இது திரும்பத் திரும்ப உறுதிப்பட்டிருக்கிறது. இதுவரை முதல் மூன்று இடங்களில் இருந்த உங்கள் மகள், எல்லோருமே முதல் மூன்று இடங்களில் இருந்துவந்த வகுப்பில் உட்காரப்போகிறாள். முதல் தேர்விலேயே இருபத்தைந்தாவது இடம் வரலாம். அவள் மூளை ஒரு துளிகூடக் குறைந்திருக்காது. ஆனால் “பெரியப்பா சொன்னது சரிதான், என் தரம் இவ்வளவுதான்” என்று அவளே முடிவு கட்டிவிடுவாள். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது முகம் சுருங்கினால் போதும், அடுத்த விடைத்தாளை ஒளித்துவைப்பாள். சேர்ப்பதென்றால், சேரும் முன்பே நீங்களும் உங்கள் கணவரும் அவளை உட்காரவைத்து இதைச் சொல்லிவிட வேண்டும்: அங்கே இடம் இறங்கும், இறங்கினால் எங்களுக்கு வருத்தமில்லை, எங்களிடம் மறைக்காதே. குறிப்பாக அப்பாவின் வாயிலிருந்து அது வர வேண்டும். சந்தோஷத்தில் மிதப்பவர் அவர்தானே.

அங்கே படிக்கும் பெண் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தத் தேர்வுவழிப் பள்ளியையும் அதன் முதல் மாணவரை வைத்து அளக்க முடியாது. வகுப்பின் நடுவில் இருப்பவரையும் கடைசியில் இருப்பவரையும் அது எப்படி நடத்துகிறது என்பதில்தான் அதன் தரம் இருக்கிறது. பள்ளிக்குப் போய் முதல்வரிடமோ வகுப்பாசிரியரிடமோ நேராகக் கேளுங்கள். ஒரு பிள்ளை கணிதத்தில் தொடர்ந்து பின்தங்கினால் என்ன செய்வீர்கள்? பத்தாம் வகுப்பு முடிந்ததும் வணிகவியலோ கலைப் பாடமோ எடுக்க விரும்பினால் இங்கேயே இடமுண்டா, வெளியே போக வேண்டுமா? மனநல ஆலோசகர் பள்ளியில் எந்தெந்த நாள் இருக்கிறார்? பதில் தெளிவாக வந்தால் நல்ல அறிகுறி. “எங்கள் பிள்ளைகள் பின்தங்குவதே இல்லை” என்று பதில் வந்தால் நான் தயங்குவேன்.

கெஸ்ட் டீச்சர் விஷயத்தில் அந்த அப்பாவோடு எனக்குப் பாதி உடன்பாடுதான். தற்காலிக ஆசிரியர் என்பதால் மோசமான ஆசிரியர் ஆகிவிடுவதில்லை. மிகச் சிறந்த சிலர் அந்த நியமனத்தில்தான் ஆண்டுக்கணக்காக உழைக்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு: சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியலும் கணிதமும் எடுத்தவர்கள் ஆண்டு முழுவதும் இருந்தார்களா, நடுவில் மாறினார்களா? அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் இன்னொன்றும் கேளுங்கள். பள்ளி முடிந்து எத்தனை பேர் டியூஷன் போகிறார்கள்? வகுப்பில் பாதிப் பேர் கோச்சிங்குக்கு ஓடுகிறார்கள் என்றால், கட்டணமில்லாத பள்ளியின் செலவு வேறு வழியில் உங்கள் வீட்டுக்கு வரும்.

தூரத்துக்கு வருகிறேன். என் மனத்தை அதிகம் உறுத்துவது இதுதான். போக, வர இரண்டு மணி நாற்பது நிமிடம். ஐந்து நாளுக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். அந்த வயதுப் பிள்ளைக்கு இரவில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுக் கருத்து. வளரிளம் பருவத்தில் உடலே தாமதமாகத்தான் தூக்கத்தைக் கேட்கும். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியவள் ஐந்துக்கு எழ வேண்டும். எட்டு மணி நேரமாவது தூங்க ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். வீட்டுப்பாடம், சாப்பாடு, கொஞ்சம் சிரிப்பு, தோழியோடு ஒரு போன் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். பெண்களுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இலவசம் என்பதால் பணம் பெரிதாக ஆகாது, சரி. ஆனால் ஜனவரி மூடுபனியில், விடியாத இருட்டில் பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்கப்போவது அவள். ஒரு வேலைநாளில், அவள் கிளம்ப வேண்டிய அதே நேரத்தில், அவளையும் கூட்டிக்கொண்டு வீட்டிலிருந்து பள்ளி வாசல் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். திரும்பி வருவதும் பள்ளி விடும் நேரத்திலேயே இருக்கட்டும். உங்கள் கணவரும் வரட்டும். அதே வழியில் போகும் வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா, நாலைந்து பேர் சேர்ந்து வேன் வைக்க முடியுமா என்றும் விசாரியுங்கள். துணை கிடைத்தால் தூரம் பாதியாகக் குறைந்த மாதிரிதான்.

தமிழ்ப் பாடம் போய்விடுமே என்ற உங்கள் கவலையைச் சிலர் சிரித்துத் தள்ளுவார்கள். நான் தள்ள மாட்டேன். தில்லியில் தமிழை முறையாகப் படிக்கவைக்கும் பள்ளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்றில் எட்டு ஆண்டுகள் படித்தவளுக்கு அதன் தொடர்ச்சி அறுவது இழப்புதான். நாளை அவள் தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு முயன்றால், டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தாள் கட்டாயம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். ஆனால் எட்டாம் வகுப்பு வரை எழுதப் படிக்கக் கற்றவளிடமிருந்து தமிழ் எளிதில் போய்விடாது, வீடு மனம் வைத்தால். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணையவழிப் படிப்புகள் இருக்கின்றன. ஆர்.கே. புரத்தில் தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் அவளுக்குப் பிடித்ததை அவளே எடுத்து வரட்டும். பாட்டிக்கு அவள் கையால் கடிதம் எழுதட்டும். இதற்கு உங்கள் நேரம் செலவாகும். அந்த நேரம் உங்களிடம் உண்மையாகவே இருக்கிறதா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வைத்தாலும் முதலாவதாகச் சொல்லியிருக்க வேண்டியது: “உங்கள் இஷ்டம்.” சகோதரி, இது சம்மதம் அல்ல. அப்பாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்த பெண், அதைக் கெடுக்க மனமில்லாமல் சொல்லும் பதில் இப்படித்தான் இருக்கும். தோழிகளைப் பிரிய முடியாமல் இருக்கலாம். அல்லது, உள்ளுக்குள் போக வேண்டும் என்ற ஆசை இருந்தும், அம்மா கவலைப்படுகிறாளே என்று அடக்கிக்கொண்டிருக்கலாம். இரண்டாவதற்கும் வாய்ப்பு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். “போகிறாயா, இல்லையா?” என்று கேட்காதீர்கள். சமையலறையில் கூட இருக்கும்போதோ பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதோ சின்னச் சின்னதாகக் கேளுங்கள். இந்தப் பள்ளியில் எதை விட்டுப் போக உனக்குக் கஷ்டம்? அந்தத் தேர்வை எழுத ஏன் ஒப்புக்கொண்டாய்? அங்கே முதல் நாள் எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய்? நீங்கள் விசாரித்த அந்தப் பெண்ணோடு மகளைத் தனியாகப் பேசவிடுங்கள், பக்கத்தில் நிற்காதீர்கள். பிள்ளைகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் நமக்குத் தோன்றவே தோன்றாது. அவள் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அப்பா கோபப்பட மாட்டார் என்பதை அவரே அவளிடம் சொல்லட்டும். அதன் பிறகு வரும் பதிலை நம்புங்கள்.

என் தனிப்பட்ட கருத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பயணத்துக்குத் துணை அமையாவிட்டால் நான் இப்போதைய பள்ளியிலேயே வைத்திருப்பேன். அதை ஒரு வாய்ப்பைத் தவறவிட்டதாக நினைத்து வருந்தவும் மாட்டேன். துணை அமைந்து, பள்ளியின் பதில்களும் தெளிவாக இருந்து, அவளே “போகிறேன்” என்று சொன்னால், அரை மனத்தோடு அனுப்பாமல் முழு மனத்தோடு அனுப்புவேன்.

அனுப்புவதாக இருந்தால் ஒரு நடைமுறை விஷயம். அந்தப் பள்ளி சி.பி.எஸ்.இ.யின் கீழ் இருக்குமானால், ஒன்பதாம் வகுப்பிலேயே மாணவர்களின் பெயரை வாரியத்தில் பதிந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பத்தாம் வகுப்பில் பள்ளி மாறுவது, பெற்றோரின் பணியிட மாற்றம் போன்ற காரணங்கள் இல்லாமல் எளிதில் முடியாது. ஆகவே திரும்பி வரும் எண்ணம் எழுந்தால் அது ஒன்பதாம் வகுப்பின் முதல் பாதிக்குள் எழ வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன், இப்போதைய பள்ளியின் முதல்வரைப் பார்த்து, சில மாதங்களில் மகள் திரும்பிவர நேர்ந்தால் இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கும் என்றால், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்து ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, மூவருமாக உட்கார்ந்து பேசுங்கள். அந்த நாள் எது என்பதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.